கலியாணக் கார்டில் ஒரு மனேஜர்

1

போன திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது என் மேசையில் ஒரு கடுதாசி கிடந்தது. ஒரே பக்கம். புதிதாக வந்திருக்கும் சட்டத்தின்படி கிழமைக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எவரையும் வேலை வாங்கக் கூடாதாம். ஆனால் 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' அதற்கு மேலும் வேலை செய்யச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அந்த எல்லை எனக்குப் பொருந்தாதாம். கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று பென்சிலால் ஒரு புள்ளடியும் போட்டுத் தந்திருந்தார்கள். எவ்வளவு கரிசனை பாருங்கள்.

பக்கத்து மேசைத் தேவன் நம் பெடியன்தான், சாவகச்சேரிப் பக்கம். கேத்தல் கொதித்து முடிவதற்குள் கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிட்டுத் தேநீரோடு வந்து உட்கார்ந்தான். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தாயா என்று கேட்டேன். எல்லாரும் வைக்கிறார்கள் அண்ணை, நானும் வைத்தேன் என்றான். எனக்குக் கை வரவில்லை. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு வியாழன். கடுதாசி இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது. இந்த நாலு நாளும் நான் நானாக இல்லை. நேற்று நான் இறங்கவேண்டிய நோர்பரிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னமே தோர்ன்டன் ஹீத்தில் காரணமில்லாமல் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்தும் நடை நிற்கவில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக உலாத்தினேன். ராஜி, என் மனைவி, கடைசியில் பொறுமையிழந்து போனாள்.

"ஒண்டில் கையெழுத்தை வையுங்கோ, இல்லாட்டிக் கிழிச்சு எறியுங்கோ. நீங்கள் நடக்கிறதைப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே தலைக்கு மேலே செல் குண்டு விழுகிறது, இந்த மனுசன் லண்டனில் இருந்துகொண்டு ஒரு கையெழுத்துக்கு இந்தப் பாடு படுகிறானே என்று. நியாயம்தான். ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால், 'சொந்த விருப்பம்' என்ற இரண்டு சொல் என்னை ஏன் இப்படி ஆட்டுகிறது என்று உங்களுக்கு விளங்கக்கூடும்.

2

அப்போது நாங்கள் ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். நான் வேலை செய்தது ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சீலைக் கடைக்கு மேல்மாடியில். வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் எடுத்துக் கொடுக்கிற, மோட்கேஜ் புரோக்கர் கந்தோர். முதலாளி குணம் அண்ணை. எங்கள் ஊர்க்காரர் இல்லை, ஆனால் எல்லாருக்கும் அண்ணை. வந்த புதிதில் எனக்குக் கோட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

என்னை வேலைக்கு எடுத்தபோது தந்த கடிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதவி, கிளாக், எழுத்து வேலை. கிழமைக்கு முப்பத்தைந்து மணித்தியாலம். அதற்கு மேலே வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். முதல் வருடம் அது கிடைத்தும் இருக்கிறது.

பிறகு எண்பத்தெட்டு வந்தது. ஒரே வீட்டை இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கிடைத்துவந்த வரிச்சலுகை அந்தக் கோடையோடு நிற்கப்போகிறது என்று அரசாங்கம் அறிவித்தது. நம் பெடியள் வேறு எப்படி வீடு வாங்கினார்கள்? ஒரே ஊர்ப் பெடியள் மூன்று பேர், பெற்றோல் ஷெட்டில் ஒருவன், பேக்கரியில் ஒருவன், செக்கியூரிட்டியில் ஒருவன். மூன்று சம்பளத்துண்டையும் சேர்த்து ஒரு வீடு. வரிச்சலுகை போகமுதல் வாங்கவேண்டும் என்று படிக்கட்டு நிறையச் சனம் வந்து நின்றது. எல்லாருக்கும் ஷிப்ட் வேலை. அவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். சனியும் ஞாயிறும் கந்தோர் திறந்தே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை குணம் அண்ணை எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சின்னப் பெட்டி தந்தார். உள்ளே தடித்த வெள்ளைக் கார்டுகள். என் பெயர், கீழே மோட்கேஜ் மனேஜர்.

"தம்பியவை, பிள்ளையவை, இண்டையிலையிருந்து இஞ்சை ஆரும் கிளாக் இல்லை. எல்லாரும் மனேச்சர்மார்."

அதோடு ஒரு புதுக் கடிதமும் தந்தார். மனேஜர்மாருக்கு நேரக் கணக்கு இல்லை, மேலதிக நேரச் சம்பளமும் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். தெரியாமல் ஏமாந்தேன் என்று இப்போது கதை விட ஏலாது. அந்தக் கார்டைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தில் அந்த வரி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சாரதா மட்டும் சிரித்தாள். அவள் ஈப்போவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியாக்காரி. என் பக்கத்து மேசை.

"நாலு பேரு ஆபீஸ்ல நாலு மேனேஜர். அப்ப யாரைத்தான் மேனேஜ் பண்றது லா?" என்றாள்.

அவளும் கையெழுத்து வைத்தாள். வேலை எதுவும் மாறவில்லை. அதே சம்பளத்துண்டுகளைப் போட்டோக்கொப்பி எடுத்தோம், அதே படிவங்களை நிரப்பினோம், வருகிற சனத்துக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தோம். கடைசியில் குணம் அண்ணை கையெழுத்து வைப்பார். கந்தோர்க் கதவைத் திறக்கிற திறப்பு எங்களில் ஒருவரிடமும் இருந்ததில்லை. அவர் வந்து திறக்கும்வரை நாலு மனேஜர்மாரும் சீலைக் கடை வாசலில் மழையில் நிற்போம்.

நான் அந்தக் கார்டைக் கோயில் ஐயருக்குக் கொடுத்தேன். தலைமயிர் வெட்டுகிறவனுக்குக் கொடுத்தேன். ஒன்றைக் கடித உறைக்குள் வைத்து அம்மாவுக்கும் அனுப்பினேன்.

3

என் மகள் தர்ஷினிக்கு இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். 'அப்பா' என்ற சொல் மட்டும் தமிழில் வரும், பெரும்பாலும் அலுப்போடு வரும்.

இந்தப் பிள்ளை முழுதாகச் சொல்லப் பழகிய முதல் தமிழ் வசனம் எது என்று நினைக்கிறீர்கள்? "அப்பா வேலைக்குப் போயிட்டார்." டெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுத்துச் சொல்வாள். ராஜிதான் பழக்கினாள். எல்லாரும் மெச்சினார்கள், பிள்ளை என்ன வடிவாகத் தமிழ் கதைக்குது என்று. ஒரு நாள் நான் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தேன், அபூர்வமாக லீவு. டெலிபோன் அடித்தது. அப்பா எங்கே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பிள்ளை அதே வசனத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் துவாயோடு நின்று, அம்மா நான் இங்கேதானே நிற்கிறேன் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, பிழை தன் மேல் இல்லை என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அப்போது ஐந்து வயது.

இந்தக் கிழமை அவளிடம் கடுதாசியைக் காட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, விருப்பமில்லையென்றால் வைக்கவேண்டாமே, இதற்கேன் இவ்வளவு யோசனை என்று இங்கிலீசில் கேட்டுவிட்டுக் காதில் வயரை மாட்டிக்கொண்டாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் விருப்பம் என்பது அவ்வளவு லேசான விசயமா?

4

என் தங்கை வசந்திக்குச் சம்பந்தம் கொண்டுவந்தவரும் குணம் அண்ணைதான். வீடு வாங்க வருகிற சனத்தின் சாதகமும் சம்பளமும் அவருக்குத் தெரியும், பிறகென்ன. நோர்பரியில் நாகலிங்கம் மாமா என்று ஒருவர், இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறி மகனோடு இங்கே வந்தவர். அவர்களுடைய வீட்டுக் கடன் பத்திரங்களைச் செய்து கொடுத்தது நான். மகன் முரளி கணக்காளர். தங்கமான பெடியன். பெண்ணின் தகப்பன் இல்லை, தமையன் என்ன செய்கிறார் என்று மாமா கேட்டிருக்கிறார். மனேஜர் என்று குணம் அண்ணை சொன்னார். நான் மறுக்கவில்லை.

நம்மவர் கலியாணக் கார்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயருக்குப் பக்கத்தில் படிப்பு, உத்தியோகம், நாடு எல்லாம் போடவேண்டும். இல்லாவிட்டால் ஆள் அரை ஆள். என் பெயருக்குப் பக்கத்தில் தமிழிலும் இங்கிலீசிலும் 'மோட்கேஜ் மனேஜர், லண்டன்' என்று அடித்தோம். அச்சுக்குப் போகமுன் இங்கிலீசு எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் குணம் அண்ணையிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துத் திருத்தித் தந்தார். அச்சடித்து வந்த பிறகு முதல் கார்டையும் மரியாதைக்கு அவருக்கே வைத்தேன். என் கழுத்துக்குக் கயிற்றை நானே திரித்துக் கொடுத்தது இப்படித்தான்.

தொண்ணூறாம் ஆண்டு வசந்தி கொழும்பிலிருந்து வந்து இறங்கினாள். கலியாணம் செய்யவென்று கொடுத்த விசா, ஆறு மாதம். அதற்குள் தாலி ஏறவேண்டும், ஏறாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். அவள் வந்த கொஞ்ச நாளில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. திரும்பிப் போவதற்கு வீடு இருக்கிறதோ இல்லையோ என்ற நிலை.

அதற்கிடையில் இங்கே வீட்டு வியாபாரம் படுத்துவிட்டது. குணம் அண்ணை சாரதாவை நிற்பாட்டினார். போகும்போது அவள் இரண்டு வருடச் சனி ஞாயிறுகளைக் கேட்டாள். மனேஜருக்கு அது கிடையாது என்றார். அவள் அழுது முறைப்பட்டுக்கொண்டு போகிற சாதியில்லை. இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்துக்குப் போய், தொழில் நியாயசபையில் வழக்குப் போட்டாள்.

பிறகு ஒரு நாள் பஸ் தரிப்பில் எனக்காகக் காத்து நின்றாள். தன் பக்கத்தில் இருந்து அதே வேலையைச் செய்தவன் நான் ஒருவன்தான் என்றாள்.

"நான் மேனேஜரா கிளார்க்கான்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க சிவா. நீங்க சொன்னா நம்புவாங்க. உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

நான் கலியாணத்தைச் சொன்னேன். தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசி நாடகத்தை இரண்டு வருடமும் தான் பார்க்கவில்லை, அது திரும்பி வராது, அதற்கு ஒரு விலை இருந்தது என்றாவது யாராவது ஒத்துக்கொள்ளவேண்டும் என்றாள். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அடுத்த கிழமை நியாயசபையிலிருந்து எனக்குச் சாட்சி அழைப்புக் கடிதம் வந்தது. போகாமல் இருக்க ஏலாது.

குணம் அண்ணையும் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். வசந்தியிடம் கூறைச்சீலை என்ன நிறம் என்று விசாரித்தார். பொய் எதுவும் சொல்லத் தேவையில்லை, கார்டில் உள்ளது என்னுடைய பதவிதான் என்று மட்டும் சொன்னால் போதும் என்று என்னிடம் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி, நாகலிங்கம் மாமாவும் தன் பக்கம் சாட்சி சொல்ல வருகிறார் என்றார். கலியாணத்துக்கு அப்போது மூன்று கிழமை இருந்தது.

5

வழக்கு நடந்தது நகருக்குள் ஒரு கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில். கோர்ட் மாதிரி இல்லை, பள்ளிக்கூட ஒபிஸ் மாதிரி இருந்தது. தலைவரும் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேரும். எந்தப் புத்தகத்தில் சத்தியம் செய்யப்போகிறீர் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். அவளுடைய தாளில் எல்லாச் சமயமும் வரிசையாக இருந்தது. புத்தகம் வேண்டாம், வாயால் சொல்கிறேன் என்றேன். உண்மையாகச் சொல்வதென்றால், புத்தகத்தில் கை வைக்கப் பயம். அரைகுறையாக எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வரலாம் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன்.

நாகலிங்கம் மாமா வயதானவர் என்பதால் அவரை முதலில் விசாரிக்கச் சம்மதித்தார்கள். கோட்டும் டையுமாக வந்திருந்தார். அழகான இங்கிலீசு. முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான், மனேஜரைக் கண்டால் எனக்குத் தெரியும் என்றார். என்னைக் கையால் காட்டி, இவர் என் பத்திரங்களைச் செய்த மனேஜர், இவருடைய வீட்டில் என் மகன் கலியாணம் செய்யப்போகிறான் என்றார். சொல்லிவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த மனுசனுக்குத் தான் ஒரு பொய்க்குத் துணை போகிறேன் என்று தெரியாது. நம்பித்தான் சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சாரதாவுக்காக வாதாட வந்த பெண் கேட்டதற்கெல்லாம் வழவழவென்று பதில் சொன்னேன். சில வேளை அப்படி, சில வேளை இப்படி. சாரதா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்துக் குணம் அண்ணையின் சொலிசிட்டர் எழும்பினார். கலியாணக் கார்டை எடுத்து நீட்டினார். இது உங்கள் பெயரா? ஆம். பக்கத்தில் உள்ளது உங்கள் பதவியா? அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அவருக்கு அது போதும். அதோடு என்னைப் போகச் சொல்லியிருந்தால் நானும் தப்பியிருப்பேன், வழக்கும் முடிந்திருக்கும். ஆனால் வெல்கிறவனுக்கு இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க ஆசை வரும்.

ஒரு மனேஜராக, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வேலைக்கு வந்தது உங்கள் சொந்த விருப்பத்தில்தானே என்று கேட்டார்.

அப்படி ஒரு ஞாயிறு தர்ஷினி பூங்கா ஊஞ்சலிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. ராஜி ஆஸ்பத்திரியிலிருந்து கந்தோருக்கு டெலிபோன் எடுத்தாள். லெஸ்டரிலிருந்து மூன்று பெடியள் வந்திருக்கிறார்கள், அவர்களுடைய அலுவலை முடித்துவிட்டுப் போ தம்பி என்றார் குணம் அண்ணை. முடித்துவிட்டுப் போனேன். நாலு மணித்தியாலம். போனபோது முறிந்த கைக்கு மா பூசிக் கட்டி முடித்திருந்தார்கள், பிள்ளை அழுது ஓய்ந்து நித்திரையாகிவிட்டாள். அன்றைக்குக்கூட நான் யாரையும் கோவிக்கவில்லை. ஆனால் அதை ஒருத்தன் எழும்பி நின்று என் விருப்பம் என்று சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை சேர். ஒரு நாளும் விருப்பத்தோடை போகேல்லை," என்று இங்கிலீசில்தான் சொன்னேன், ஆனால் சத்தம் ஊர்ச் சத்தமாக வந்துவிட்டது. "நான் மனேச்சர் இல்லை. கிளாக். இவவும் கிளாக். எங்களிட்டைத் திறப்புக்கூட இல்லை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் இந்தக் கார்டில் ஏன் அப்படி இருக்கிறது என்று அமைதியாகக் கேட்டார். தங்கைக்குக் கலியாணம் நடக்கவேண்டும் என்பதற்காகப் போட்டேன் என்றேன். முன் வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கதிரை ஒன்று இழுபட்ட சத்தம் கேட்டது. பார்த்தபோது நாகலிங்கம் மாமா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரமே தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவருக்கு என்ன பெயர் சூட்டினார்கள் என்பதைத் தாங்கள் பார்ப்பதில்லை, அவர் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்ப்பதாகத் தலைவர் சொன்னார். சாரதா வென்றாள். லிப்டுக்குப் பக்கத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய் வசந்தியின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற யோசனையில் நின்றேன். அவளுடைய விசாவில் ஏழு கிழமை மிச்சம் இருந்தது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் கழிந்துவிட்டது. இன்றைக்கு வெள்ளி. காலையில் அந்தக் கடுதாசியைக் கையெழுத்து வைக்காமல் அப்படியே கொண்டுபோய் அலுவலர் பகுதியில் இருக்கிற பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். இரவு முழுக்க இங்கிலீசில் வசனம் அடுக்கி வைத்திருந்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். பரவாயில்லை என்றாள். தன் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். அவ்வளவுதான். அடுக்கி வைத்த வசனங்களோடு நான் திரும்பி வந்தேன்.

தேவன் ஓடி வந்து, அண்ணை, அப்படியும் செய்யலாமோ என்று கேட்டான். நீயும் போய்த் திருப்பிக் கேள், எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் தங்கைமார் இரண்டு பேர் இன்னும் ஊரில். அவன் யோசிப்பான், எனக்குத் தெரியும்.

பின்னேரம் தர்ஷினிக்குச் சொன்னேன். இதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாமே அப்பா என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சீனி கூடிவிட்டது. முழுவதையும் குடித்தேன்.

7

வழக்கு முடிந்து மூன்று நாள் நோர்பரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. டெலிபோன் அடித்தால் ராஜி எடுக்கமாட்டாள், நானும் எடுக்கமாட்டேன். நாலாம் நாள் நாகலிங்கம் மாமா தானே வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கதைத்தார்.

"தம்பி, நீர் கிளாக் எண்டதுக்கு நான் கோவிக்கேல்லை. நானும் கிளாக்காத்தான் தொடங்கினன். வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னைப் பொய்யனாக்கிப் போட்டீர். கலியாணம் நடக்கும். ஆனால் நீர் மணவறையிலை இருக்கக் கூடாது."

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற இடத்தில் குணமும் மனைவியும் இருக்கட்டும், சம்பந்தம் பேசியவர்கள் அவர்கள்தானே என்றார். என் வாயில் வந்ததை விழுங்கினேன். ஏழு கிழமை விசா விழுங்க வைத்தது. சரி மாமா என்றேன். வசந்தி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. எனக்காக இவ்வளவு காலமும் சனி ஞாயிறு சம்பளமில்லாமல் வேலை செய்தீர்களா அண்ணை என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். எனக்காகவும்தான், அந்தக் கார்டு எனக்கும் பிடித்திருந்தது என்றேன். அது உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் கலியாணம். முந்நூறு சனம். வாசலில் நின்று கும்பிட்டவர்களில் பாதிப்பேருக்கு வழக்குக் கதை தெரிந்திருந்தது. சிலர் என் கையைக் குலுக்கினார்கள், சிலர் கார் நிறுத்துகிற இடம் மட்டும் கேட்டார்கள். நான் மணவறையில் இருக்கப் போவதில்லைதானே, வேட்டி கட்டவில்லை. களிசானும் சேர்ட்டுமாகக் கதிரை தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ராஜி என் பக்கம் பார்க்காமல் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

குணம் அண்ணையும் மனைவியும் பட்டுச் சரசரக்க மணவறையில் உட்கார்ந்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, பெண்ணின் தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் சொல்லச் சொன்னார். மூன்று தலைமுறை சொல்லித்தான் தாரை வார்க்கவேண்டும். தகப்பன் பெயர் குணம் அண்ணைக்குத் தெரியும். பாட்டன் பெயருக்குத் திணறினார். திரும்பி என்னைத் தேடினார். கந்தோரில் ஏதாவது பத்திரம் காணாவிட்டால் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பார். நானும் பழக்கதோசத்தில் மணவறைக்குப் பின்னால் ஓடிப்போய்க் குனிந்து, வேலுப்பிள்ளை என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் ஐயருக்குச் சொன்னார். பூட்டன் பெயருக்கும் திரும்பினார். நான் வாயைத் திறக்கமுதல் வசந்தி தலையை நிமிர்த்தினாள்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. பேர் சொல்லுறவர் பின்னாலை நிக்கிறார். அவரையே கொண்டு செய்யுங்கோ."

நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார். முரளி தலையைக் குனிந்துகொண்டு இருந்தான், ஆனால் அவனும் எழும்பவில்லை, மறுத்தும் சொல்லவில்லை. எல்லாரும் நாகலிங்கம் மாமாவைப் பார்த்தார்கள். எனக்கு விசா, கொழும்பு, விமானம் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. பைத்தியக்காரி, இன்னும் ஐந்து நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டினேன். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். ரயில்வேக்காரர்.

"நேரம் போகுது," என்றார். "தம்பி, வாரும். வந்து இரும்."

குணம் அண்ணை எழும்பினார். அதையும் சொல்லவேண்டும், முகம் சுளிக்காமல் எழும்பினார். ஐயர் தன் பையிலிருந்த வேட்டி ஒன்றை எடுத்து என் களிசானுக்கு மேலாலேயே சுற்றிக் கட்டிவிட்டார். ராஜி கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள். பூட்டன் பெயர் சின்னத்தம்பி என்று நானே சொன்னேன். வசந்தியின் கையை எடுத்து முரளியின் கையில் வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் குணம் அண்ணை நேராக வந்து என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். அவர் ஒரு வடையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கிறது என்றார். வழக்கோடு என் வேலையும் போய்விட்டது என்றே நான் நினைத்திருந்தேன். பிறகு, இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாய்?"

"ஒன்பதுக்கு வாறன் அண்ணை," என்றேன். "அஞ்சு மணிக்குப் போயிடுவன்."